ஓலையில்லா வழக்கு

கடன் பெற்றவர் நோயுற்றாலோ வேலை இழந்தாலோ அவர் கட்டவேண்டிய தவணையை அவருக்காகக் கட்டுவதாகச் சொல்லும் காப்புறுதி ஒன்று, இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் கடனட்டைகளோடும் பிற கடன்களோடும் இணைத்து விற்கப்பட்டது. பெரும்பாலும் 1990க்கும் 2010க்கும் இடையில் விற்கப்பட்ட அவ்வொப்பந்தங்கள் ஆறு கோடிக்கு மேற்பட்டவை என்பது அந்நாட்டு நிதி நடத்தை அதிகாரசபையின் கணக்கு. வேண்டுமா எனக் கேளாமலே சேர்க்கப்பட்டவர் பலர். இஃது இல்லையேல் கடனும் இல்லை என்று நம்பவைக்கப்பட்டவர் பலர். வேலையிழப்புக்குரிய பயனை ஒருநாளும் பெறவியலாத ஓய்வூதியரும் சொந்தத் தொழில் புரிவோரும் பலர். முறைப்பாடுகள் மலிந்தன. வங்கிகளின் சார்பில் தொடுக்கப்பட்ட எதிர்வழக்கு 2011 ஏப்பிரலில் உயர் நீதிமன்றத்தில் தோற்றபின்னர் அவை பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாயின. 2019 முடிவதற்குள் கொடுக்கப்பட்ட தொகை 3,800 கோடி பவுணைத் தாண்டிற்று.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதனை எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலண்டன் சென்று, பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவுபகலாக உழைத்த நம்மவர் சட்டைப்பைகளிலும் அக்கடனட்டைகள் இருந்தன. அவர்கள் இழந்ததும் பெற்றதும் நம் வீட்டுக் கணக்கே.

கடனட்டைக் காப்புறுதியின் சூழ்ச்சி அதன் சிறுமையில் இருந்தது. நிலுவையாயுள்ள ஒவ்வொரு நூறு பவுணுக்கும் எண்பது பென்சுக்குச் சற்றுக் குறைவான கட்டணம் சில அட்டைகளில் அறவிடப்பட்டது. மாதக் கணக்குத் தாளில் அஃது ஒரே ஒரு வரி. ஆனால் இரண்டாயிரம் பவுண் நிலுவைக்கு அதுவே மாதம் ஏறத்தாழப் பதினாறு பவுணாகும். அப்பதினாறும் நிலுவையோடு கூடி மறுமாதம் தானும் வட்டி ஈனும். குற்றம் நிறுவப்பட்டவிடத்து, கட்டிய காப்புறுதிப் பணமும், அதன்மேல் ஏறிய வட்டியும், அதற்கு மேலாக ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதத் தனிவட்டியும் திருப்பித் தரப்பட்டன.

நிறுவுவது எங்ஙனம்? ஏடு எங்கே? இங்கேதான் நம்மவர் இடறினர்.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் 1990இன் இடப்பெயர்வுக்குப் பின் இலண்டன் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் நடுவிற் பெற்ற கடனட்டையை 2005இல் முடித்துவிட்டார். 2018இல் அவர் வினவியபோது, கணக்கு முடிந்து ஆறாண்டுகள் கடந்தமையால் ஏடுகள் அழிக்கப்பட்டன என்று வங்கி மறுமொழி விடுத்தது. அவர் விட்டாரல்லர். தாம் குடியிருந்த வாடகை அறைகளின் முகவரிகளையெல்லாம் நினைவிலிருந்து எழுதினார், ஏழு முகவரிகள்! ஓரிடத்தில் தந்தை பெயர் முன்னும் தம்பெயர் பின்னுமாகவும், மற்றோரிடத்தில் தலைகீழாகவும், பிறிதோரிடத்தில் எழுத்து மாறியும் தம் பெயர் பதிவாகியிருக்கக்கூடும் என்று விளக்கினார். (நம் பெயர்முறையை அயலார்க்கு விளக்குவது நன்னூற் சூத்திரத்துக்கு உரை காண்பதினும் கடினம்.) பழைய பிசுக்கோத்துத் தகரத்துள் மனைவியார் வைத்திருந்த 2001ஆம் ஆண்டுக் கணக்குத் தாள் ஒன்றும் அகப்பட்டது. அவ்வொரு வரி அதில் இருந்தது. முகவரியும் பெயரும் பொருந்தவே வேறொரு பிரிவிலிருந்து பதிவும் வெளிப்பட்டது, பணமும் வந்தது.

அவருக்கு அண்ணன் முறையான ஒருவரும் அதே தெருவில் வாழ்ந்தார். தாள் ஒன்றும் இல்லாமல் கேட்டால் நகைப்பார்கள் என்று அவர் வாளாவிருந்தார். முறையீட்டின் இறுதி நாளாக விதிக்கப்பட்ட 2019 ஓகத்து 29 கழிந்தது. அந்நாளை நினைவூட்டுதற்கு நடிகர் ஆர்னல்ட் சுவார்சுநேகரின் இயந்திரத் தலையொன்றை விளம்பரங்களில் உலவவிட்டனர். அத்தலையைத் தொலைக்காட்சியிற் பலமுறை பார்த்துச் சிரித்ததாக அவரே எனக்கு எழுதியிருந்தார்.

அவர் அறியாதது யாதெனில், அந்த அதிகாரசபையின் விதிகளிலேயே, ஒப்பந்தத் தாள்களை முறையீட்டாளர் வைத்திராமையைக் கொண்டு அவருக்கு மாறான முடிவு கொள்ளலாகாது என்று எழுதப்பட்டிருந்தது என்பதே. வாய்ச்சொல்லையும் சான்றாக நிறுத்துப் பார்க்கும் கடமை வங்கிக்கு இருந்தது. காப்புறுதி இருந்ததா என்பதே ஐயமாயினும், பெயரும் பிறந்த நாளும் பழைய முகவரிகளும் தந்து தேடச் சொல்லலாம். அங்ஙனம் தேடியும் ஒன்றும் கிடையாமல் வறிதே மீண்டவரும் உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் கேளாதிருந்தவருக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு முற்றாக இல்லை.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை ஒரு வழக்கேடாகவும் படியுங்கள் என்று மாணவரிடம் நான் சொல்வதுண்டு. மணநாளில் முதியவர் காட்டிய அடிமையோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலே, கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் உளது என்கிறார் முதியவர். அவையினர் அதனையும் உடனே ஏற்றிலர். பாட்டனாரின் எழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து ஒப்புநோக்குகின்றனர். அதற்கு முன்னரே, நெடுநாள் வழக்கத்தாலோ எழுத்தாலோ அயலார் கண்டு சொல்வதாலோ உரிமையை நிறுவலாம் என அவ்வவை வகுத்துவிடுகின்றது. எழுத்து மூன்றனுள் ஒன்றே. வங்கி வழக்கிலோ முறை தலைகீழ்: மூலவோலை வலியோன் கையில் இருந்தது, காலம் கடந்ததென்று அவனே அதனைக் கிழித்துவிட்டான், பின்னர் எளியவனை நோக்கிப் படியோலை எங்கே என்கிறான்.

நம் ஊர்க் களவெட்டியிலும் இம்மூன்று சான்றும் வழங்கின. போடியாரும் வயற்காரரும் மரைக்காலால் நெல் அளந்து பங்கிட்டபோது சூழ நின்றவர் கண்களே சாட்சி. அவணம் அளந்த இடத்தில் ஆவணம் கேட்டாரிலர். அம்முறையில் அநீதி இல்லை என்பேன் அல்லேன். ஆனால் ஏடில்லாமையே குற்றமாக எண்ணப்பட்டதில்லை.

காலம் கடந்தது என்னும் தடைக்கும் அங்கே விடை பிறந்துள்ளது. பிளெவின் என்னும் கைம்பெண் தொடுத்த வழக்கில், அவர் கட்டிய காப்புறுதிப் பணத்தில் நூற்றுக்கு 71.8 பங்கு தரகாகப் போயிற்றென்பதை அவருக்கு மறைத்தது நீதியற்றது என 2014இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பொட்டர் என்னும் அம்மையாரின் வழக்கில் அத்தரகு 95 பங்குக்கும் மேல். அவர் கடன் பெற்றது 2006இல், வழக்கிட்டது 2018இல். மறைத்து வைத்தவன் காலக்கெடுவை அரணாகக் கொள்ளவியலாது என்பதே 2023 நவம்பரில் அந்நீதிமன்றம் கூறியதன் சாரம். ஆயினும் நீதிமன்றம் ஏறப் பொருள் வேண்டும். 2019இன் முறையீட்டுக்குச் செலவில்லை. பணம் மீட்டுத் தருகிறோம் என்று இடையில் வந்த முகவர்களுக்கே செலவாயிற்று. அவர்தம் கூலி நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாதென்று 2018இற் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

1978 நவம்பர்ச் சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 திசம்பர் ஆழிப்பேரலை என்று ஏடிழந்த வரலாறு நம் வாவிக்கரைக்கு நீண்டது. காணி வழக்குகளில் இதனை நம் நாட்டுச் சட்டமும் ஒருவாறு ஒப்பிற்று: 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் செல்லவியலாதிருந்தோர்க்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஆட்சியுரிமைக் கால எல்லையில் விலக்களித்தது. சிறுகடனுக்கு அத்தகைய இரக்கம் இல்லை. அண்மையிற் படுவான்கரையில் ஓர் அம்மையார் தம் கடன் புத்தகத்தைக் காட்டினார். ஐம்பதினாயிரம் என்று எழுதிய கடனிலிருந்து காப்புறுதி என்ற பெயரில் ஒரு தொகை முன்னரே கழிக்கப்பட்டிருந்தது. எந்த நிறுவனத்தின் காப்புறுதி, எதற்குக் காப்பு, எவ்வளவு காலம் என்பன அவர் அறியார். துண்டுக் கடுதாசிதானும் கொடுக்கப்படவில்லை. கணவர் விபத்துற்று மூன்று மாதம் படுத்திருந்தபோதும் தவணை நிற்காமற் கட்டியிருக்கிறார்.

அந்நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: கழித்த தொகை எவ்வளவு, ஒப்பந்தத்தின் இலக்கம் யாது, படி ஒன்று தருக. விடை இதுவரை வரவில்லை. அடுத்து எழுதுவதற்குக் கொழும்பிலே காப்புறுதி ஒம்புட்சுமன் உளர். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. முதலில் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் படி அங்கே கேட்கப்படும் ஆதலின், அதனை மகளின் பள்ளிக் கொப்பிக்குள் ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.