குருதியும் தசையும்: முதிய நோயாளர்மீது சுமத்தப்படும் ஓய்வு

1945 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் கம்பன் நகரிலே, வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர் தாம் அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தினால் முதன்முதலாக ஓர் உயிரை மீட்டார். மீண்டவர் 67 வயது மூதாட்டி. குருதிச் சுத்திகரிப்பின் வெற்றி வரலாறு ஒரு முதியவரிடமிருந்தே தொடங்குகின்றது எனலாம். ஆயின், முதியவரைச் சாவிலிருந்து மீட்டபின் சாய்மனைக் கதிரையிலே கிடத்திவிட்டால் கடமை முடிந்தது என்னும் மனப்பாங்கு வைத்தியசாலையிலும் வீட்டிலும் இன்று வேரூன்றி நிற்கின்றது. “இரத்தம் குறைவு, ஆறுதலாக இருங்கள்” என்பதே அதன் மந்திரம். அன்பின் பெயரால் ஓதப்படும் இம்மந்திரம் நோயாளியின் எஞ்சிய வலுவையும் பறிக்கின்றது.

குருதிச்சோகை பொய்யன்று. செங்குழியங்களை ஆக்குமாறு என்பு மச்சையைத் தூண்டும் எரித்திரோபொயட்டின் என்னும் ஓமோனைப் பெருமளவிற் சுரப்பது சிறுநீரகமே. சிறுநீரகம் கெட, அவ்வோமோனும் குறைகின்றது. இரும்புக் குறைபாடும், நீடித்த அழற்சியும், ஒவ்வொரு சுத்திகரிப்பின்போதும் இழக்கப்படும் சிறிதளவு குருதியும் நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன. 1989 இல் ஐக்கிய அமெரிக்காவில் செயற்கை எரித்திரோபொயட்டின் அனுமதி பெற்றமை நோயாளருக்குப் பெரும் விடுதலையாயிற்று. அதனை எவரும் மறுக்கவியலாது.

ஆனால் அவ்வெற்றியே ஒரு மயக்கத்தையும் பிறப்பித்தது. குருதியின் அளவு உயர்ந்தால் மனிதன் எழுந்து நடப்பான் என்பதே அம்மயக்கம். 1998 இல் வெளியான ஆய்வொன்றிலே, இருதய நோயும் கொண்ட 1233 சுத்திகரிப்பு நோயாளரிற் பாதிப்பேரின் செங்குழிய விகிதத்தைச் சுகதேகியின் அளவுக்கே உயர்த்த முயன்றனர். உயிர் காப்பதில் அதனால் நன்மை விளையவில்லை. ஆய்வு இடைநடுவே நிறுத்தப்பட்டது. குருதியை வேண்டிய மட்டும் உயர்த்துவது வழியன்று என்பது அன்றே தெளிவாயிற்று.

நோயாளியின் தளர்ச்சிக்குக் குருதி ஒரு காரணம். தசை மற்றொரு காரணம். சிறுநீரகம் கெட்டவரின் உடலிற் சேரும் அமிலம் தசைப்புரதத்தைச் சிதைக்கின்றது. அழற்சி அதனை அரிக்கின்றது. சுத்திகரிப்பின்போது அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. இவற்றோடு மூப்பும் சேர்கின்றது. இத்தனைக்கும் மேலாக நாம் விதிக்கும் மருந்து ஓய்வு! 2007 இல் வெளியான ஓர் ஆய்விலே, சராசரி 67 வயதுடைய சுகதேகிகள் பத்து நாட்கள் மட்டும் படுக்கையிற் கிடந்தனர். அவர்களின் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மெலிதிசு கரைந்தது. சுகதேகிகளுக்கே இக்கதியெனின், நோயாளியின் கதி யாது? ஈமோகுளோபின் எத்தனை கிராமாக உயர்ந்தாலும், கரைந்த தசை அதனால் மீண்டு வந்துவிடுமா?

தசையை மீட்கும் வழி வலுப்பயிற்சியே. 2007 இல் சிட்னியிலிருந்து வெளிவந்த ஆய்வு, சுத்திகரிப்பு நடக்கும் வேளையிலேயே 12 வாரங்கள் வலுப்பயிற்சி செய்த நோயாளரின் வலு உயர்ந்ததைக் காட்டியது. 2023 இல் வெளியான ஜேர்மனிய ஆய்வோ ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 66. ஓராண்டு பயிற்சியின் பின், ஒரு நிமிடத்திற் கதிரையிலிருந்து எழுந்து அமரும் தடவைகள் சராசரி 16 இலிருந்து 19 ஆக உயர்ந்தன. பயிற்சியின்றி வழமைபோல விடப்பட்டோருக்கு அத்தொகை 15 க்குக் கீழே இறங்கியது. எழுந்து அமர்தல் அற்பமான காரியமன்று. மலசலகூடத்திற்குப் பிறர் துணையின்றிச் செல்வதா, இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அதுவே.

வலுப்பயிற்சி குருதிச்சோகையைத் தீர்க்கும் மருந்தன்று. அது ஓமோன் ஊசிக்கோ இரும்பு மருந்துக்கோ பதிலாகவும் மாட்டாது. கடுஞ்சோகை, கட்டுப்படாத குருதியமுக்கம், மிகையான பொற்றாசியம், நிலையற்ற இருதய நோய் ஆகியன உள்ளபோது பயிற்சி காத்திருக்கவே வேண்டும். ஊசி ஏற்றிய கை அசையாதிருக்க வேண்டும். குருதியமுக்கம் வீழ்வதற்கு முன், சுத்திகரிப்பின் முற்பாதியிலேயே பயிற்சி நிகழ வேண்டும். ஆனால் இவை பயிற்சியை ஒழுங்கு செய்வதற்கான நியதிகள்; அதனை மறுப்பதற்கான சாட்டுகள் அல்ல. “முதலில் இரத்தம் ஏறட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் தசையைத் தின்னும் மாதமே.

“வறிய நாட்டுக்கு இது கட்டுப்படியாகுமா?” என்போரும் உளர். கணுக்காலிற் கட்டும் மணற்பைக்கும், இழுபடும் இறப்பர் நாடாவுக்கும், கைப்பிடியற்ற ஒரு கதிரைக்கும் அந்நியச் செலாவணி வேண்டியதில்லை. வேண்டுவது பயிற்சி பெற்ற இயன்மருத்துவரும், அவரைச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு அழைக்கும் மனமுமே. 1990 களிலிருந்து இந்நாட்டின் வட மத்திய மாகாணத்துக் கமக்காரரைக் காரணம் துலங்காத சிறுநீரக நோய் வாட்டி வருகின்றது. 2021 இல் பொலன்னறுவையிலே இந்நோய்க்கெனச் சிறப்பு வைத்தியசாலையும் திறக்கப்பட்டது. இயந்திரங்கள் பெருகுவது நன்றே. ஆயினும், வயலிலே மண்வெட்டி பிடித்து வாழ்ந்த மனிதன் இயந்திரத்தால் உயிர்பெற்றும் முற்றத்தைக் கடக்க இயலாது கிடப்பானாயின், மீட்கப்பட்டது அவன் மூச்சேயன்றி வாழ்வன்று.

இது மருத்துவபீடத்தாரின் விடயமெனக் கலைப்பீடத்தார் ஒதுங்குவதும் தகாது. முதியவரின் உழைப்பு முடிந்தபின் அவருடைய உடல் பயனற்றது என்னும் எண்ணம் உடற்கூற்றியலிலிருந்து பிறந்ததன்று, சமுதாயத்திலிருந்து பிறந்தது. அதைச் சமுதாயமே களைய வேண்டும். குருதிக்கு மருந்து கொடுப்போர் தசைக்கு வேலை கொடுக்கட்டும். முதியவருக்கு மதிப்பளிக்க விரும்பும் பிள்ளைகள், அவரைத் தூக்கி இருத்துவதிலும் பார்க்க, அவர் தாமே எழுவதற்குப் பக்கத்தில் நிற்கட்டும்.