போகிறவனைப் பழிக்காதீர்கள்!

'அரபிக் கதை' என்ற மலையாளப் படத்தை மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். 2007இல் லால் ஜோஸ் எடுத்த படம். படம் முடிந்தது, சண்டை ஆரம்பமாயிற்று.

"ஒரு கம்யூனிஸ்டைத் துபாய்க்குக் கூலியாக அனுப்பிக் கேவலப்படுத்திவிட்டான்!" என்றார் பழைய தோழர் ஒருவர்.

"1991இல் ரஷ்யாவிலேயே கடையைக் கட்டியாயிற்று. இனிமேல் துபாய்தான் ஐயா சொர்க்கம்!" என்றார் இன்னொருவர்.

இருவருமே படத்தைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

இளமை முழுவதையும் செங்கொடிக்கே கொடுத்துவிட்டவன் 'க்யூபா' முகுந்தன். அந்த வேஷத்தில் ஸ்ரீனிவாசன். பொதுப் பணத்தைக் கையாடியதாக அவன் தகப்பனார்மீது பழி. அந்தக் கடனை அடைக்க அவன் துபாய் போகிறான். சங்கம் வைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் சட்டம் இடங்கொடுக்காத தேசத்தில் கூலிக்கு நிற்கிறான். அங்கே அவன் சந்திப்பது யாரை? தெருவில் பொருள் விற்றுப் பிழைக்கும் ஒரு சீனத்துப் பெண்ணை! அவன் கனவில் கண்ட செஞ்சீனம், வயிற்றுப்பாட்டுக்காக அவனைப் போலவே அங்கே வந்து நிற்கிறது.

இதில் அவமானம் முகுந்தனுக்கா? 1957இல் ஓட்டுப் போட்டே கம்யூனிஸ்ட் மந்திரிசபையை உட்கார வைத்த நாடு கேரளம். நிலச் சீர்திருத்தம் வந்தது, பள்ளிக்கூடங்கள் பெருகின. படித்த பிள்ளைகளுக்குப் போதிய வேலை மட்டும் வரவில்லை. அவன் வளைகுடாவுக்குப் போனான். அவன் அனுப்பிய பணத்தில்தான் ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டே 'சித்தாந்தத்தை விற்றுவிட்டான்' என்று பேசுவது என்ன நியாயம்?

சொர்க்கம் என்றவரையும் கேட்கிறேன்: தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது எந்தச் சொர்க்கத்து வழக்கம்?

கேரளத்துக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். பரங்கிப்பேட்டைக்குப் போய்க் கேளுங்கள். கடல் தாண்டிப் பிழைப்பது அங்கே பழைய கதை. 1690இல் நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரக் கம்பெனியும் கடல் தாண்டிப் பிழைக்க வந்ததுதான். அதைச் சரித்திரம் என்று படிக்கிறோம். நம் வீட்டுப் பையன் போனால் மட்டும் துரோகமோ?

இத்தனை சண்டையிலும் வாய் திறக்காமல் இருந்தவன் ஒருவன்தான். வெல்டிங் படித்துவிட்டு வேலை தேடும் எதிர்வீட்டுப் பையன். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் கேட்டான்:

"மாமா, போகட்டுமா, வேணாமா?"

எனக்கு உபதேசம் வரவில்லை. "1983ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்த ஏஜெண்டுதானா என்று பார். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அம்மா இருக்கிற வீட்டை அடமானம் வைக்காதே" என்று மட்டும் சொன்னேன்.

போகிற உரிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். போகாமலே சொந்த ஊரில் மானமாகப் பிழைக்கும் உரிமைக்குத்தான் பேச ஆளில்லை. அதை அவனுக்கு வாங்கிக் கொடுக்கும்வரை, அவனைப் பழிக்க நம்மில் எவருக்கும் – எனக்கும்தான் – அருகதை கிடையாது.