குதிரையின் முழங்கால்

இரண்டே நிமிடத்தில் குதிரை வரையலாம் என்று ஆசைகாட்டும் காணொளிகளால் இந்த வாரம் முழுக்க எரிச்சல். இரண்டு வட்டம், நடுவே ஒரு வளைகோடு, நான்கு குச்சிக் கால்கள், விரலால் தேய்த்த கொஞ்சம் நிழல், முடிந்தது குதிரை. மகாராஷ்டிர அரசின் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளில் நினைவிலிருந்து வரைய ஒரு தாள் உண்டு. அதற்கு ஒரு படத்தை மனப்பாடம் செய்வித்துப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே குறைப்பட்டிருக்கிறேன். மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பென்சில் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்காக இன்னொரு முறையும் சொல்லத்தான் வேண்டும். மனப்பாடமான குதிரை, தலையைச் சற்றுத் திருப்பச் சொன்னால் செத்துவிடும்.

குதிரை எங்கே கெடுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் காலில்தான். முன்னங்காலின் நடுவில் மடங்குகிற இடத்தை முழங்கால் என்று நினைத்து வரைகிறோம். அது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு நிகரான மூட்டு. குதிரையின் முழங்கை அதற்கு வெகு மேலே, நெஞ்சோடு ஒட்டி இருக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது குதிகால். நிஜ முழங்கால் வயிற்றோரத் தோலுக்குள் மறைந்திருக்கிறது. குளம்பு என்பது ஒற்றை நடுவிரலின் நகம். முன்னங்கால்களை உடம்போடு இணைக்கத் தோள் காறை எலும்பே கிடையாது. தசைகள்தான் உடலைத் தூக்கிப் பிடிக்கின்றன. இவ்வளவும் தெரிந்த கை, எச்.பி. பென்சிலால் லேசாக இழுக்கும் முதல் கோட்டிலேயே பாரம் எங்கே இறங்குகிறது என்று காட்டிவிடும். தெரியாத கை 6பி பென்சிலால் எவ்வளவு கருமை ஏற்றினாலும் அந்தக் கால் நிற்காது.

இதை ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் அளவுக்கு நம்பியவர் வேறு யாருமில்லை. லிவர்பூலில் தோல் பதனிடுபவரின் மகன். ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றவர். தமிழர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தாராவிக்கு அவர் அந்நியரல்லர் என்றே எனக்குத் தோன்றும். 1750களில் இங்கிலாந்தின் ஹார்க்ஸ்டோ கிராமத்துப் பண்ணைவீடு ஒன்றில் ஏறத்தாழ 18 மாதம் தங்கி, செத்த குதிரைகளைக் கூரையிலிருந்து கொக்கிகளில் தொங்கவிட்டு, நிற்கிற கோலத்திலேயே அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். முதலில் தோல், பிறகு ஒவ்வொரு தசை, கடைசியில் எலும்பு. ஒரே குதிரையோடு 11 வாரம் வரை இருந்தார் என்கிறார்கள். அந்த நாற்றத்தை நினைத்தால் அவருடைய கோடுகளின் நிதானம் இன்னும் வியப்பூட்டுகிறது. செதுக்க ஆள் அமையாததால் தகடுகளைத் தானே செதுக்கி, 1766இல் ‘குதிரையின் உடற்கூறு’ நூலை வெளியிட்டார். மூலமான பென்சில் படங்கள் லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன. குதிரை வரைய நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் புத்தகம் இதுதான். அதில் நிழல் அலங்காரத்துக்கு விழுவதில்லை. ஒரு தசை இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் விழுகிறது.

எலும்பு தெரிந்த ஸ்டப்ஸே ஓடும் குதிரையை நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு பறப்பதாக வரைந்தாரே என்று கேட்கலாம். உண்மைதான். 1878இல் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்கள்தான் அதைத் திருத்தின. நாலுகால் பாய்ச்சலில் குதிரை தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கின்றன. அப்படியானால் புகைப்படத்தைப் பிரதியெடுத்தால் போதாதா? போதாது. மைபிரிட்ஜ் சொன்னது கால் எங்கே இருக்கிறது என்பதை. அது ஏன் அப்படி மடிகிறது என்பதை ஸ்டப்ஸ்தான் சொல்கிறார். ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் குதிரைகளுக்கு எலும்புக் கணக்கு ஏது என்பார்கள். அவர் தத்ரூபத்தைத் தேடவில்லை. தேடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

மும்பைப் பிள்ளை குதிரையை எங்கே பார்க்கும் என்ற கேள்வி நியாயமானது. விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015இல் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் காலா கோடா வட்டாரத்துக்குப் பெயர் தந்த பழைய குதிரைச் சிலை, ஏழாம் எட்வர்டைச் சுமந்தபடி, 1965இலிருந்து பைக்குலா ஜிஜாமாதா உத்தியான் பூங்காவில் இருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் குதிரை அது. பெற்றோரே, காணொளியை நிறுத்திவிட்டு மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறுங்கள். ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் போதும். முதல் நாள் முழுக்க முன்னங்கால் ஒன்றை மட்டும் வரையட்டும். புதன்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.