விமானச்சீட்டுக்கு முதல் அந்தப் படிவம்



போன இதழில் பரீட்சைக் கால நித்திரை பற்றி எழுதியிருந்தோம். இம்முறை விடுமுறை பற்றி எழுதச் சொல்லி இளையோர் சிலர் கேட்டார்கள். “நீங்கள் ஸ்கூபா செய்யப் போறதெண்டு நிண்டனீங்கள், என்ன நடந்தது?” என்பதுதான் அவர்களுடைய உண்மையான கேள்வி. நடந்ததை அப்படியே சொல்கிறோம். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

எங்கள் மகளுக்கு வயது 14. ரொறன்ரோக் குளிரில் இருந்து மார்ச் விடுமுறைக்கு எங்காவது சூடான கடலுக்குப் போக வேண்டும், அங்கே கடலுக்கடியில் நீந்த வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேடிப் பார்த்து பொனேர் தீவைத் தெரிவு செய்தோம். வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரிபியன் கடலில் உள்ள, நெதர்லாந்துக்குச் சொந்தமான சின்னத் தீவு அது. கடல் நீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய 26 முதல் 29 பாகை வரை இருக்கும். தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. தெருவோரத்தில் மஞ்சள் பூசிய கற்களில் ஒவ்வொரு இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். வாகனத்தை நிறுத்திவிட்டுக் கரையில் இருந்தே கடலில் இறங்கலாம். படகில் போய்த் தலைசுற்றத் தேவையில்லை. பயந்தால் நீந்திக் கரைக்கு வந்துவிடலாம். பிள்ளையோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

வயதும் சரியாக இருந்தது. ‘பாடி’ எனப்படும் பயிற்சி அமைப்பின் விதிப்படி 10 வயதில் இருந்து பழகலாம். 10, 11 வயதினர் 12 மீற்றருக்குக் கீழே போகக் கூடாது. 12 முதல் 14 வரையானவர்கள், சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவரோடு 18 மீற்றர் வரை போகலாம். பாடங்களையும் நீச்சல் தடாகப் பயிற்சியையும் குளிர்காலத்தில் இங்கேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு இறக்கங்களை மட்டும் அங்கே செய்யலாம் என்றும் அறிந்தோம். அப்படிச் செய்தால் விடுமுறை நாட்கள் வகுப்பில் கழியாது. செப்டெம்பரிலேயே விமானச்சீட்டும் தங்குமிடமும் எடுத்துவிட்டோம்.

நவம்பரில் பயிற்சிக்குப் பதியப் போனபோது ஒரு வைத்தியப் படிவம் தந்தார்கள். முதல் கேள்வியே நுரையீரல், மூச்சு, இருதயம் பற்றியது. தொய்வு பற்றியும் கேட்டிருந்தது. பிள்ளை என்றால் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும்.

எங்கள் மகளுக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. நாங்கள் அறிய இரண்டு வருடமாக ஒன்றுமில்லை. “அம்மா, அது சின்னனில வந்தது. ‘இல்லை’ எண்டு போடுங்கோவன்” என்றாள். கட்டிய காசு திரும்பி வராது. பேனா அந்த ‘இல்லை’க்கு மேலேதான் நின்றது. ஒவ்வொரு நாளும் நோயாளிகளிடம் “ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கோ” என்று கேட்கிற தாதி வீட்டில்தான் இது நடந்தது.

ஏன் அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியம்? கடலில் 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே போத்தல் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. தொய்வு உள்ளவர் மூச்சை அடக்காவிட்டாலும், சுருங்கிய மூச்சுக்குழாயின் பின்னால் காற்று அடைபடலாம். மேலே வரும்போது அது விரிந்தால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். போத்தல் காற்று உலர்ந்தது, நீந்துவது களைப்பு. இரண்டுமே தொய்வைக் கிளப்பக் கூடியவை. தொய்வு உள்ள எல்லோருக்கும் ஸ்கூபா கூடாது என்பதல்ல. நன்றாகக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் பலருக்குப் பரிசோதனையின் பின் அனுமதி கிடைக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

‘ஆம்’ என்று போட்டோம். மகள் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

வைத்தியர் மகளோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று எங்களை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள், சரியாக இருந்தது. ஓட வைத்து மறுபடியும் ஊதச் சொன்னபோது அளவு இறங்கியது. “இந்த மார்ச் வேண்டாம். ஒழுங்காக மருந்து எடுத்து, பிறகு பார்ப்போம்” என்றார்.

திரும்பி வரும்போது காரின் பின் சீற்றில் இருந்து மகள் சொன்னாள்: “ஸ்கூல் ஜிம்மில பஃபர் எடுக்கிறனான். பழைய பஃபர். சொன்னா நீங்கள் கூடைப்பந்தால நிப்பாட்டிப் போடுவீங்கள்.”

எங்களுக்கு அழுகைதான் வந்தது. நாங்கள் நல்ல மனதோடு ‘இல்லை’ என்று போட்டிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவள் சொல்லப் பயப்பட்டதற்கு நாங்களும் காரணம். ஒரு இருமல் வந்தாலே மூன்று நாள் வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோரிடம் எந்தப் பிள்ளை சொல்லும்?

பொனேருக்குப் போனோம். அவள் முகமூடியும் மூச்சுக்குழலும் போட்டு மேலே மிதந்தபடி கிளிமீன்களையும் ஒரு ஆமையையும் பார்த்தாள். முன்பே சான்றிதழ் எடுத்திருந்த அப்பா, வழிகாட்டியோடு ஒருமுறை கீழே போனார். அவருடைய காற்றுக்குமிழிகள் அவளுடைய கைக்குக் கிட்ட வந்து உடைந்தன. கரைக்கு வந்து சிரிக்கவில்லை. “அடுத்த ரெஸ்ற் எப்ப?” என்று மட்டும் கேட்டாள். அது ஓகஸ்டில். முடிவு என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது மருந்தை அவளே நேரத்துக்கு எடுக்கிறாள், கூடைப்பந்தும் விளையாடுகிறாள்.

இப்படி ஒரு பயணம் போக நினைக்கும் குடும்பங்களுக்கு, நாங்கள் பிழையாகச் செய்த ஒழுங்கைத் திருத்திச் சொல்கிறோம். முதலில் எல்லோரும் வைத்தியப் படிவத்தை நிரப்புங்கள், அப்பா அம்மாவும் சேர்த்துத்தான். ஒரு ‘ஆம்’ வந்தாலும் வைத்தியரிடம் போங்கள். அடுத்து நீச்சல்: பயிற்சியில் 200 மீற்றர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள். பிறகு தடாகப் பயிற்சி; அதில் பிள்ளைக்கு உண்மையாகவே விருப்பமா, அல்லது உங்களுக்காகச் செய்கிறதா என்று தெரிந்துவிடும். அதன் பிறகுதான் விமானச்சீட்டு. ஸ்கூபாவையும் சேர்க்கிற காப்புறுதி எடுங்கள். படிவத்தில் மறைத்தால் அவர்கள் பணம் தர மறுக்கலாம்.

தடிமன் பிடித்தால் அன்று இறங்க வேண்டாம். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போதே அதன் வேலை முடிந்து காது அடைபடலாம். பல நாள் இறங்கியவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் கழித்தே விமானம் ஏற வேண்டும்; ஆகவே கடைசி நாளைத் தரைக்கு ஒதுக்குங்கள். பொனேரின் தெற்கே உப்பளங்களின் பக்கத்தில், அங்கே உழைத்த அடிமைகளுக்காக 1850 இல் கட்டிய குடிசைகள் இருக்கின்றன. பெரியவர் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். நாங்கள் அங்கே நெடுநேரம் நின்றோம்.

தம்பி தங்கைகளே, ஸ்கூபாக்காரரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எவரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் “இன்று நான் இறங்கவில்லை” என்று சொல்லலாம். ஒருவரும் கோபிக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். உங்களுக்கு மூச்சு முட்டினால், நெஞ்சு இறுகினால், மருந்து எடுத்தால், அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். பெற்றோரே, அவர்கள் சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் ஒன்றையும் தடை செய்யாமல் கேளுங்கள். எங்களுக்கும் அது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.