மருந்தடிக்கும் நாட்களில் மாறும் குணம்

மருந்தடிக்கிற வாரத்தில் உங்களிடம் பேசவே பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? எரிச்சல், தூக்கமின்மை, வைத்த பொருளை மறப்பது, எதிலும் மனம் ஒட்டாமை. கடன் கவலை, வயது, குடி என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி விட்டுவிடுகிறோம். முதுகில் தொங்கும் ஸ்பிரேயரை யாரும் சந்தேகிப்பதில்லை.

குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு ரசாயனத்தை, வேலை முடிந்ததும் உடைத்து அகற்றுவது கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி. அதைத்தான் இந்த மருந்துகள் முடக்குகின்றன. பூச்சி சாவதும் அதனால்தான். நமக்கும் அதே நொதிதான். முடங்கிய நொதி பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கத்தரிக்கு வாரம் ஒருமுறை அடிப்பவருக்குத் தேறுவதற்கு அவகாசம் ஏது? மயங்கி விழுந்தால்தான் விஷம் ஏறியது என்று நினைக்கிறோம், விழாதவருக்கும் ஏறுகிறது.

மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்பது தவறு. பெரும்பகுதி தோல் வழியாகவே உள்ளே போகிறது. வெறுங்கையால் மருந்தைக் கலக்குவதும், ஒழுகும் டேங்க்கால் முதுகு நனைவதும்தான் பெரிய ஆபத்து. நனைந்த சட்டையைத் துவைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கருவில் இருந்தபோது குளோர்பைரிபாஸ் அதிகம் பட்ட குழந்தைகளுக்கு ஏழு வயதில் நினைவுத்திறன் குறைந்திருந்தது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்தச் சட்டையை நீங்களே தனியாகத் துவையுங்கள்.

எல்லா எரிச்சலுக்கும் மருந்தே காரணம் என்று சொல்லவில்லை. அதை ஓரளவு அறிய கோலினெஸ்டிரேஸ் ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால், ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால், பருவம் தொடங்கும் முன் ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தெளிப்புத் தொழிலாளியின் ரத்தச் சிவப்பணுவில் இந்த நொதி முதல் அளவில் 70 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்பது விதி. இங்கே மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லும் நாம், மருந்தடிக்கும் மனிதரைப் பரிசோதிக்கச் சொல்வதில்லை. விரிவாக்கப் பணியாளர்கள் கிராம முகாமுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் அழைத்து இதைத் தொடங்கலாம்.

மறதிக்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவரைப் பார்க்கும்போது, என்ன மருந்து அடித்தீர்கள், எத்தனை நாள் அடித்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். பெயர் நினைவில்லை என்றால் லேபிளை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.