கேஷ்பேக் புரட்டு

கிரெடிட் கார்டு வாங்கப் போகின்ற நம்மவர்களில் அநேகர், எந்தக் கார்டு 100க்கு 1 கேஷ்பேக் கொடுக்கின்றது, எந்தக் கார்டு 100க்கு 5 கொடுக்கின்றது என்று பார்த்துக் கொண்டிருக்கின்றார்களே ஒழிய, அந்தக் கார்டுக்கு வட்டி என்னவென்று கேட்பவர் வெகு சிலரே யாவார்கள். கேட்டால், "நாங்கள்தான் தவணைக்குள் கட்டிவிடுவோமே, வட்டி எங்களை என்ன செய்யும்?" என்கின்றார்கள். இப்படிச் சொல்ல வேண்டுமென்றுதானே பாங்கிக்காரன் கேஷ்பேக்கைக் கொட்டை எழுத்திலும், வட்டியைப் பொடியெழுத்திலும் போடுகின்றான்!

நிற்க, அந்த வட்டிதான் என்ன? இந்தியாவில் பெரும்பாலான கார்டுகளுக்கு மாதம் 100க்கு 3.5 முதல் 3.75 வரை, அதாவது வருஷத்திற்கு 42 முதல் 45. அந்த வட்டியின்மேல் ஜி.எஸ்.டி. வரி 100க்கு 18. ஊரில் மூன்று வட்டிக்குக் கொடுக்கின்றவனை இரத்தம் உறிஞ்சுகின்றவன் என்று ஏசுகின்றோம். கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து மூன்றே முக்கால் வட்டி வாங்கினால் அது கௌரவமாகிவிடுமா என்று கேட்கின்றோம்.

ஒருவர் மாதம் 20,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகின்றார். 100க்கு 1 வீதம் 200 ரூபாய் திரும்பி வருகின்றது. வீட்டில் ஒரே சந்தோஷம். ஒரு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் பணமில்லை. "1,000 ரூபாய் மாத்திரம் கட்டினால் போதும்" என்று பாங்கிக்காரன் வெகு தாராளமாய்ச் சொல்லுகின்றான். பாக்கி 19,000க்கு, குறைத்துக் கணக்குப் போட்டாலும், ஒரு மாத வட்டி 712 ரூபாய் 50 பைசா. வரி சேர்ந்து சுமார் 840. நான்கு மாதக் கேஷ்பேக் ஒரே மாதத்தில் ஒழிந்தது! இதோடு விட்டானா? பாக்கி தீருமட்டும் புதிதாய் வாங்கும் உப்பு புளிக்குக்கூட வாங்கின நாள் முதலே வட்டி. 100க்கு 5 கொடுக்கும் கார்டுகளிலோ, இன்ன கடையில்தான், மாதம் இவ்வளவுக்குள்தான் என்று முன்னமே வரம்பு கட்டியிருப்பார்கள்.

சரி, தவறாமல் கட்டுகின்றவருக்குக் கிடைக்கும் அந்த 200 ரூபாய் யார் வீட்டுப் பணம்? பாங்கி முதலாளி தன் மடியிலிருந்தா கொடுக்கின்றான்? கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷனில் ஒரு பங்கு. கட்ட முடியாமல் தவிப்பவனிடம் வாங்கும் வட்டியில் ஒரு பங்கு. கடைக்காரரோ அந்தக் கமிஷனைச் சாமான் விலையில் ஏற்றி, ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலிக்காரனிடமும் வசூலித்துக் கொள்ளுகின்றார். கார்டையே கண்டறியாதவன், கார்டு வைத்திருக்கும் கனவானுக்குச் சன்மானம் கொடுக்கின்றான்!

சட்டம் கேட்காதா என்னலாம். தமிழ்நாட்டில் 2003ல் கந்து வட்டிக்குத் தடைச் சட்டம் வந்தது. அது தெருவில் கொடுக்கின்றவனுக்கு. பாங்கி விஷயத்தில், வட்டி அதிகமென்ற காரணத்திற்காக எந்தக் கோர்ட்டும் கணக்கைக் கிளறக்கூடாதென்று 1949ம் வருஷத்திய பாங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்லுகின்றது. கார்டுக்கு வருஷம் 30க்குமேல் வாங்குவது முறையற்ற வியாபாரமென்று 2008ல் தேசிய நுகர்வோர் கமிஷன் தீர்ப்புச் சொல்லிற்று. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதையும் தள்ளிவிட்டது.

ஆகவே கார்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தோழர்கள், சென்ற 12 மாதத்தில் ஒரு மாதமாவது பாக்கி வைத்திருந்தால், கேஷ்பேக் பட்டியலை அப்பால் வைத்துவிட்டு அந்தப் பொடியெழுத்தை மாத்திரம் படிக்கட்டும். கண் தெரியாவிட்டால், பாங்கிக்காரனையே உரக்கப் படிக்கச் சொல்லட்டும்.