உங்க பலவீனம் என்ன தம்பி?

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். எஸ்.ஐ. செலக்‌ஷன்ல எழுத்துத் தேர்வு தேறிட்டான், 1500 மீட்டர் ஓடி, கயிறு ஏறி, அதையும் முடிச்சுட்டான். மிச்சம் நேர்முகத் தேர்வு மட்டும்தான். "அண்ணே, நீங்க அதிகாரி மாதிரி கேளுங்க, நான் பதில் சொல்றேன்"னான். நானும் குரலைக் கனமாக்கிக்கிட்டு, "உங்க பலவீனம் என்ன தம்பி?"ன்னு கேட்டேன்.

"ஐயா, ஒரு வேலையில இறங்கிட்டா சாப்பாடு, தூக்கம் எல்லாம் மறந்துடுவேன் ஐயா. அதுதான் என் பலவீனம்."

சிரிச்சுட்டேன். பயிற்சி மையத்துல சொல்லிக்குடுத்த பதிலாம். அவன் பேட்ச்ல எல்லாருக்குமே இதே வியாதிதான் போல :-)

சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாதுங்கறதையும் சொல்லிடறேன். ரொம்ப வருஷம் முன்னாடி நானும் அதே நாற்காலியில உக்காந்தவன்தான். "எதையும் பிழையில்லாம செய்யணும்னு நினைப்பேன், அதனால கொஞ்சம் லேட்டாகும்"னு பெருமையா சொன்னேன். நடுவுல இருந்த அதிகாரி என் விண்ணப்பத்தைப் புரட்டிட்டு, "அப்பா பேர்லயே ஒரு எழுத்தை விட்டுருக்கியே தம்பி"ன்னார். அதுக்கப்புறம் என்ன கேட்டாங்க, என்ன சொன்னேன், எதுவும் ஞாபகமில்லை. வேலை கிடைக்கலைன்னு தனியா சொல்லணுமா என்ன?

விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கேள்வியை எல்லா ஆபீஸ்லயும்தான் கேக்கறாங்க. சாஃப்ட்வேர் கம்பெனியில கதை விட்டா நஷ்டம் கம்பெனிக்கு. போலீஸ் வேலை அப்படியில்லை. ஒரு எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். போடலாம், கைது பண்ணலாம், விசாரிச்சுக் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணலாம். அந்த ஆளோட பலவீனத்துக்கு விலை குடுக்கப்போறது அவரு இல்லை, ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்கிற எவனோ ஒருத்தன்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. போலீஸ் அதிகாரிகிட்ட குடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரா நிரூபிக்க முடியாதுன்னு பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொல்லிச்சு. 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துலயும் அது 23-வது பிரிவா இருக்கு. சட்டமே நம்பாத அந்த இடத்துல, வேலைக்கு வர்ற பையன்கிட்ட மட்டும் "உன் குறையை ஒத்துக்கோ"ங்கறாங்க!

சித்தி பையனோட நிஜமான பலவீனம் எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கை நீளம். திருட்டுக் கை இல்லைங்க, அடிக்கிற கை. காலேஜ் படிக்கும்போது சில்லறைத் தகராறுல ஒரு கண்டக்டரை அறைஞ்சுட்டான். நல்லவேளை கேஸ் ஆகலை, பெரியவங்க பேசி முடிச்சாங்க. மறுநாள் இவனே டிப்போவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தான். யாரும் போகச் சொல்லலை.

"அதைச் சொல்லுடா"ன்னேன்.

"விளையாடறீங்களாண்ணே? நேர்முகத்துக்கு 10 மார்க். அரை மார்க்ல போனவனெல்லாம் இருக்கான். போச்சுன்னா நீங்களா குடுப்பீங்க?"

நியாயமான கேள்விதான். நாலு வருஷம் படிச்சிருக்கான். தெருவுல நின்னு அறிவுரை சொல்றது எனக்குச் சுலபம். வாழ்க்கைக் கதை மொத்தத்தையும் அங்க கொட்டணும்னு நானும் சொல்லலை. ஒரே ஒரு நிஜமான குறை, அதனால நடந்த ஒரு சம்பவம், அதுக்கப்புறம் தான் என்ன செஞ்சேன். இவ்வளவு போதும். கண்டக்டர் கதையில இந்த மூணும் இருக்கு. சாப்பாட்டை மறக்குற கதையில ஒண்ணுகூட இல்லை. அதிகாரி "எப்ப மறந்தீங்க, என்னைக்கு?"ன்னு ஒரு குறுக்குக் கேள்வி போட்டாலே பல்லிளிச்சிடும். வருஷக்கணக்கா பொய்யிலேயே புழங்கின மனுஷங்க எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு நம்ம பசங்க மறந்துடறாங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கட்டும். பலவீனத்தைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். வழக்கு ஏதாவது இருந்து, படிவத்துல கேட்டிருந்தா அதை மறைக்கவே கூடாது. டெல்லி போலீஸ்ல தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பிச்ச ஒருத்தர், சின்ன வயசுல நடந்த அடிதடி வழக்கை விண்ணப்பத்துல எழுதாம விட்டுட்டார். 2011-ல உச்ச நீதிமன்றம், இளவயசுத் தப்பை மன்னிக்கப் பாக்கணும்னு சொல்லி அவர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. விக்டர் ஹியூகோவோட ழான் வால்ழான் கதை வரைக்கும் அந்தத் தீர்ப்புல வருது. ஆனா 2016-ல அவதார் சிங் வழக்குல மூணு நீதிபதிகள், குடுக்கிற தகவல் உண்மையா இருக்கணும்னு வரையறுத்துட்டாங்க. கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்கா இருந்தா, மறைச்சதை நிர்வாகம் கண்டுக்காம விடலாம், அவ்வளவுதான். எல்லாருக்கும் ழான் வால்ழான் சலுகை கிடைக்கும்னு நம்பி இறங்க முடியாது.

இனிமே சொல்றதை அவன்கிட்ட நான் சொல்லலை. இங்கதான் சொல்றேன். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் காவல்ல அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் செத்துப்போன அன்னிக்கு எங்க வீட்டு டி.வி. முன்னாடி இவனும்தான் உக்காந்திருந்தான். கண் கலங்கினான். அந்த வழக்குல மாட்டினவங்கள்லயும் எஸ்.ஐ. இருந்தாங்க. அவங்களும் ஒரு காலத்துல வேலை கிடைக்காதான்னு ஏங்கின பசங்கதானே, என்னிக்கோ ஒரு நாள் இந்த மாதிரி நாற்காலியில உக்காந்து "ஐயா, ஐயா"ன்னு பதில் சொன்னவங்கதானேன்னு தோணிச்சு.

அதனால என் தம்பியா இருந்தாலும், கோபத்தை அடக்கத் தெரியலைன்னா இந்த வேலை அவனுக்குக் கிடைக்காம போனாலும் பரவாயில்லைன்னு ஒரு மனசு சொல்லுது. டிப்போவுக்குத் தானா நடந்து போனவன் நல்ல போலீஸாத்தான் வருவான்னு இன்னொரு மனசு. ரெண்டுல எது ஜெயிக்கும்னு அந்த அதிகாரிகள் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்கணும். அவங்க முன்னாடி இருக்கிறது மனப்பாடப் பதில்னா, பாவம், எதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க?

வியாழக்கிழமை அவனுக்கு நேர்முகம். நேத்து சித்தி போன் பண்ணினாங்க. "ஏண்டா, நல்லாப் படிச்சுட்டு இருந்த புள்ளையைக் குழப்பி விட்டுட்டியாமே? கண்ணாடி முன்னாடி நின்னு என்னமோ கண்டக்டர் கண்டக்டர்னு பேசிட்டு இருக்கான்"னாங்க.